அட்டை உன்னுது, டிசைன் என்னுது

“உனக்கு டிராயிங் படிக்கத் தெரியும்மா, ஒத்துக்கறேன். கேட்டு வாங்கத் தெரியுமா?”

கூட்ட அறைக்கு வெளியே நின்றபடி கணேசமூர்த்தி சார் இப்படிக் கேட்டார். கொள்முதல் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் குரலில் கேலி இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக் கேட்பதைப் போல, விடை தெரியாமல்தான் கேட்டார்.

“தெரியும் சார்” என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கும் விடை தெரியாது.

அன்று காலை ரயிலில் கூட்டம். யாருடைய தலையிலிருந்தோ உதிர்ந்த மல்லிகை என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு அலுவலகம் வரைக்கும் வந்திருந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

இந்தத் தொடரில் இதுவரை காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பும் அந்த ரயிலைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். “சரி, இறங்கி எங்கேதான் போறே?” என்று கேட்டவர்களுக்காக இந்த வாரம்.

வளையல் அளவு ஒரு ரப்பர்

ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை ஒன்றில் நான் தொழில்நுட்ப உதவியாளர். எந்த ஊர், எந்தப் பட்டறை என்று எழுத அனுமதி இல்லை. வாசலிலேயே செல்போனை வாங்கி மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிற இடம் என்று மட்டும் சொல்லலாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. தாத்தா திருப்புட்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அப்பா செவிலிமேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். “எம் பொண்ணு மிலிட்டரில இருக்குது” என்று சவாரிக்கு வருபவர்களிடம் சொல்வார். அவர்கள் என்னைத் துப்பாக்கியோடு கற்பனை செய்துகொள்வார்கள். அப்பாவும் திருத்தமாட்டார்.

துப்பாக்கியை நான் தொட்டதே இல்லை. நான் தொடுவது தண்ணீர் வண்டி. ஒரு பக்கம் குட்டைத் தண்ணீரை இழுத்து, மறுபக்கம் குடிக்கிற தண்ணீராகக் கொடுக்கிற லாரி. முகாம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் பட்டறையின் பின்பக்க வேப்பமரத்தடியில் அந்த மாதிரிப் பழைய வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. என்ஜின் நன்றாக இருக்கிறது, பம்பும் ஓடுகிறது. ஆனாலும் நிற்கின்றன. ஏன் என்று கேட்டேன்.

வால்வுக்குள் உட்காருகிற, வளையல் அளவு ரப்பர் வளையம் ஒன்று. அது கிழிந்தால் அழுத்தம் நிற்காது. கடையில் வாங்கிய வளையத்தைப் போட்டால் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடும் மருந்து பட்டு ஊறி, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். வண்டியைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. அதன் உரிமைகளை வாங்கியவர்கள் எங்கள் கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை.

சில நாள் கழித்து, பழைய இரும்பு அலமாரியைத் துடைக்கும்போது அந்த வளையத்தின் வரைபடமே எனக்குக் கிடைத்தது. அளவு, ரப்பரின் ரகம், சோதிக்கும் முறை எல்லாம் அதில் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு ஃபோர்மேன் ஜெயபால் அண்ணனிடம் ஓடினேன்.

“அண்ணே! டிராயிங் நம்மகிட்டயே இருக்குது! வெளிய குடுத்துச் செஞ்சிக்கலாமே!”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “மூலையப் பாரு எஸ்தரு.”

கீழ் மூலையில் ஒரு நீல முத்திரை. இயக்குவதற்கும் பராமரிப்பதற்கும் மட்டும். வேறு யாருக்கும் தரக் கூடாது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“இரவல் நகைமா அது” என்றார் ஜெயபால் அண்ணன். “போட்டுக்கினு போட்டோ எடுத்துக்கலாம். உருக்க முடியாது.”

வண்டி அரசாங்கத்துடையது, காகிதமும் அரசாங்கத்தின் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்து இன்னொரு பட்டறையில் ஒரு வளையம் செய்துகொள்ள உரிமை இல்லை. எங்களிடம் ரப்பர் வார்க்கும் இயந்திரமும் இல்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. அப்படியானால் ஒரு பொருளை வாங்கும்போது நாம் எதைத்தான் வாங்குகிறோம் என்ற ஆச்சரியம்தான்.

இந்தக் கேள்வியை முன்பே எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ரயில் வாலாஜாபாத் தாண்டும்போதுதான் நினைவு வந்தது.

அன்னம் பறந்த கதை

அம்மா அட்டை கோர்க்கிறவர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுப்புடவையில் வரும் அன்னமும் மயிலும் முதலில் கட்டம் போட்ட தாளில் படமாக இருக்கும். அந்தப் படத்தின்படி கெட்டி அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அட்டைகளை வரிசைப்படி நூலால் கோர்த்து, தறிக்கு மேலே இருக்கிற பெட்டியில் மாட்டுவார்கள். எந்த இழை மேலே ஏற வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் சொல்லும்.

துளசிராமன் என்பவர் அப்படி டிசைன் போட்டு அட்டை அடித்துக்கொடுக்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அட்டையிலிருந்து உதிரும் பொட்டுகள் தரையெல்லாம் கிடக்கும். காலில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

ஒருநாள் பட்டு முதலாளி ஒருவர் அட்டைக் கட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

“இன்னா துளசி, என் அன்னம் எதுக்குபா அடுத்த தெருவுக்குப் பறந்துச்சு?”

அவருக்கென்று போட்ட அன்னப்பட்சிக் கரை வேறொரு கடையின் புடவையில் இருந்ததாம்.

துளசிராமன் அசரவில்லை. “உங்க அன்னம் உங்க கைலதான இருக்குது முதலாளி? கட்டி எடுத்துக்கினு வந்திருக்கீங்களே.”

“அட்டைக்குக் காசு குடுத்தது நானு!”

“யாரு இல்லன்னா? அட்டை உன்னுது. டிசைன் என்னுது.”

கோபம் வந்தால் துளசிராமனுக்கு ‘நீங்க’ மறந்துவிடும். முதலாளி அதைக்கூடக் கவனிக்கவில்லை. கையிலிருந்த கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ நான் வாங்கினது இன்னாபா?”

ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்: “ஓட்டைய வாங்கினீங்க முதலாளி.”

கடையே சிரித்தது. கடைசியில் முதலாளியும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பேச்சு சுலபமானது. அவருக்கு உயிர் அந்தக் கரையில்தான். முந்தியைப் பற்றியும் உடலில் வரும் புட்டாவைப் பற்றியும் அவருக்குக் கவலையே இல்லை. கரைக்குத் தனி அட்டை, முந்திக்குத் தனி அட்டை என்பதால் பிரிப்பதும் எளிது. கரை இனி அவருக்கு மட்டும், மற்றதை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று முடிந்தது. துளசிராமனுக்கு ‘நீங்க’ திரும்பி வந்தது. எல்லோருக்கும் கலர் சோடா வந்தது. எனக்கும் ஒரு பாட்டில்.

அந்தக் கலரின் இனிப்போடு சேர்ந்தேதான் அந்தக் கேள்வி எனக்குள் தங்கியிருக்கிறது. நான் வாங்கினது இன்னாபா?

மேசை மேல் கட்டுகள்

வேப்பமரத்தடி வண்டிகளுக்குப் பதிலாகப் புது வண்டிகள் வாங்க முடிவானது. பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து ஒருவர் பேச்சுவார்த்தையில் உட்கார வேண்டும். வழக்கமாகப் போகும் பொறியாளருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. படம் படிப்பாள் என்று என்னை அனுப்பினார்கள்.

கிளம்பும்போது ஜெயபால் அண்ணன் சொன்னார்: “வளையத்த வுட்டுட்டு வராதே. வுட்டியோ, இன்னும் ஒரு தலைமுறைக்கு வேப்பமரந்தான். நம்ம பக்கத்துலேர்ந்து இனிமே ஒருத்தரையும் கூப்பிடவும் மாட்டானுங்க.”

அப்படித்தான் அந்த அறைக்குள் போனேன்.

கம்பெனியிலிருந்து வந்தவர் பெயர் தினகர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வடிவமைப்புப் பிரிவிலிருந்து விற்பனைக்கு வந்த பொறியாளர். தடித்த கட்டுகளை மேசை மேல் அடுக்கினார். புதுக் காகிதத்தின் வாசனை வந்தது.

“எல்லா டிராயிங்கும் குடுத்துட்டோம் சார். ஒண்ணுகூட பாக்கி இல்ல.”

குழுவில் எல்லோருக்கும் திருப்தி. கணேசமூர்த்தி சார் பேனாவைத் திறந்தார். நான் கட்டைப் பிரித்து முதலில் மூலையைப் பார்த்தேன். முத்திரை இருந்தது. இந்த முறை பச்சை நிறம். வாசகம் அதேதான்.

“சார், இதைக் காட்டி வேற பட்டறையில ஒரு உருப்படி செஞ்சிக்கலாமா?”

தினகர் பணிவாகச் சிரித்தார். “அதுக்கு ஏன் மேடம் கஷ்டம்? எங்ககிட்டயே வாங்கிக்கலாமே.”

“வாங்கலாம் சார். செஞ்சிக்கலாமான்னு கேட்டேன்.”

“முழு உரிமை வேணும்னா அதுக்குத் தனி விலை.”

விலையைச் சொன்னார். கணேசமூர்த்தி சார் பேனாவை மூடினார். குழுவிலிருந்த இன்னொருவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளை யார் கூப்பிட்டது என்று எழுதியிருந்தது.

தேநீர் இடைவேளை விட்டார்கள். கணேசமூர்த்தி சார் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: “விட்டுடும்மா. படம் கைக்கு வந்துடுச்சு இல்ல? அவங்க குடுத்துட்டாங்க.”

“குடுத்துட்டாங்க சார். விட்டுக்குடுக்கல.”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் தேநீரை ஒருமுறை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார். ‘கொடு’ என்பதற்கு முன்னால் ஒரு ‘விட்டு’ சேர்ந்தால் எவ்வளவு மாறிவிடுகிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

“உங்க ரகசியம் எது?”

மாதிரி வண்டி ஒன்றை முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். தினகர் அதன் பக்கத்தில் தனியாக நின்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் போனேன்.

நான் வலை விரித்தேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். இல்லை. வண்டி அழகாக இருந்தது. அதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

“சார், இதுல உங்க ரகசியம் எது?”

விற்பனைக்காரர் போய்ப் பொறியாளர் வந்துவிட்டார். பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் பின்கதவைத் திறந்தார். வடிகட்டியின் படலத்தை எந்தக் கலவையில் செய்கிறார்கள் என்பதுதான் பெரிய ரகசியமாம். அடுத்தது பம்பின் உள்விசிறி. அதன் வளைவைக் கண்டுபிடிக்க எத்தனை முறை தோற்றார்கள் என்று கைகளால் காற்றில் வரைந்து காட்டினார். அந்த வளைவை வரையும்போது அவர் முகம், டிசைன் தாளை விரித்துக் காட்டுகிற துளசிராமன் முகம் மாதிரியே இருந்தது.

“அந்தக் குழாய் இணைப்பு?”

“அதுல என்ன மேடம் ரகசியம்? சாதாரண மரை. திருகினா ஏறிக்கும்.”

“தாங்கி, மூடி, கைப்பிடி, வால்வோட கூடு?”

“சே, அதெல்லாம் எவன் வேணா செய்வான்.”

“தேயறதும் உடையறதும் அதுதான சார்?”

“ஆமா, அதுதான…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பின்கதவைப் பாதி மூடியபடி என்னைப் பார்த்தார். “மேடம்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

உள்ளே போனதும் கேட்டேன். படலமும் உள்விசிறியும் உங்களுடையவை. அவற்றின் உரிமை எங்களுக்கு வேண்டாம், அவற்றுக்கான விலையும் வேண்டாம். தேய்கிற, உடைகிற பாகங்களின் வரைபடத்தை மட்டும் யாரிடம் கொடுத்தும் செய்துகொள்ள எங்களுக்கு உரிமை வேண்டும். கரை அவர்களுக்கு, மற்றது எங்களுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கணேசமூர்த்தி சாரின் பேனா மறுபடி திறந்தது. தினகர் வெளியே போய்த் தலைமையகத்தோடு பேசிவிட்டு வந்தார்.

“சரின்னுட்டாங்க. ஒண்ணைத் தவிர.”

எது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

“வால்வுக்குள்ள இருக்கிற ரப்பர் வளையம். அந்த ரப்பர் கலவை எங்களோடது.”

வேப்பமரத்தடியில்

குழுவில் மற்றவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. “இவ்வளவு குடுத்திருக்காங்க, ஒரு ரப்பர்தானேம்மா” என்றார் ஒருவர். அந்த அறையிலிருந்து பார்த்தால் அது ஒரு ரப்பர்தான்.

“சார், ஒரு நிமிஷம் எல்லாரும் பின்பக்கம் வர முடியுமா?”

வெயிலில் நடக்க யாருக்கும் விருப்பமில்லை. கணேசமூர்த்தி சார் எழுந்தார். அதனால் மற்றவர்களும் எழுந்தார்கள்.

வேப்பமரத்தடியில் பழைய வண்டிகள் நின்றிருந்தன. டயர்கள் மண்ணில் இறங்கியிருந்தன. ஒரு வண்டியின் தொட்டிக்குப் பக்கத்தில் அணில் கூடு கட்டியிருந்தது. எங்கள் சத்தம் கேட்டு அது கத்திக்கொண்டே மரத்தில் ஏறியது. ஜெயபால் அண்ணன் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை.

தினகர் வண்டியைச் சுற்றி வந்தார். “இது அந்த மூடிப்போன கம்பெனியோட வண்டியா! நான் படிக்கும்போது இதைப் பார்த்துத்தான் சார் இந்தத் துறைக்கே வந்தேன். நல்லா ஓடுமே, ஏன் நிக்குது?”

“ஒரு ரப்பர்தான் சார்” என்றேன்.

அவர் வால்வைத் தொட்டுப் பார்த்தார். விரலில் துரு ஒட்டியது.

“நாங்க மூடமாட்டோம் மேடம்.”

“அவங்களும் அப்படித்தான சார் சொல்லியிருப்பாங்க.”

பிறகு நான் சொன்னேன்: “கலவைய இப்ப எங்களுக்குக் காட்ட வேணாம். உறையில போட்டு முத்திரை வச்சி, ரெண்டு தரப்புக்கும் பொதுவா ஒரு எடத்துல வையுங்க. நீங்க செஞ்சி வித்துக்கினு இருக்கிற வரைக்கும் உங்ககிட்டதான் வாங்குவோம். நிறுத்துற அன்னிக்கு உறையப் பிரிப்போம்.”

பதற்றத்தில் எனக்குள் காஞ்சிபுரம் வந்துவிட்டது. ‘வித்துக்கினு’ என்று கேட்டுக் குழுவில் யாரோ இலேசாகக் கனைத்தார்கள். நான் திருத்திக்கொள்ளவில்லை.

“நாங்க எங்க மேடம் நிறுத்தப்போறோம்?”

“நிறுத்தலைன்னா உறை அப்படியே கெடக்கும். எழுதறதுல உங்களுக்கு என்ன நஷ்டம் சார்?”

தினகர் கணேசமூர்த்தி சாரைப் பார்த்தார். சார் அணில் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எழுதாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார், மரத்திடம் சொல்வதைப் போல.

அடுத்த கூட்டத்தில் அது எழுதப்பட்டது. ‘வழங்கப்படும்’ என்று மட்டும் இருந்த இடத்தில், யார் எதைப் பயன்படுத்தலாம், யாரிடம் கொடுத்துச் செய்யலாம், உறை எப்போது பிரியும் என்று வரிவரியாக வந்தது. வரைபடத்தில் பிழை இருந்தால் கம்பெனியே திருத்தித் தர வேண்டும் என்ற வரியையும் நான் கேட்டுச் சேர்த்தேன். கேட்டு வாங்குவது பழகிவிட்டால் நிறுத்துவது கடினம்.

வீட்டில் அம்மா கேட்டார்: “இன்னாடி, ரொம்ப சந்தோஷமா வர்றே? இன்னா வாங்கினே?”

“ஓட்டைய மட்டும் வாங்கலம்மா.”

அம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்குப் போய், ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் அந்தப் பழைய கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்று குழம்பு அடிப்பிடித்தது.

மரை எந்தப் பக்கம்?

இப்போது முதல் வண்டிகள் வந்துவிட்டன. வரைபடங்களும் வந்துவிட்டன. மூலையில் பச்சை முத்திரை இல்லை. ஒப்பந்தத்தின் வரி இருக்கிறது. ஜெயபால் அண்ணன் மூலையை மட்டும் பார்த்துவிட்டு, படத்தைப் பார்க்காமலே திருப்பித் தந்தார்.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்திருக்கிறது. உரிமை இருக்கிறது, சரி. இந்தப் படம் தனியாக நின்று பேசுமா? வரைந்தவரைக் கேட்காமல், படத்தை மட்டும் பார்த்து ஒருவரால் செய்ய முடியுமா? முடியாவிட்டால் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதைத் தெரிந்துகொள்ள, வண்டிகள் கெடும்வரை காத்திருப்பானேன்? கணேசமூர்த்தி சாரிடம் அனுமதி வாங்கி, தினகர் ‘சாதாரண மரை’ என்று சொன்ன அதே குழாய் இணைப்பின் படத்தை, எங்கள் பட்டியலில் இருக்கும் லேத் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினேன். கம்பெனியைக் கேட்கக் கூடாது, சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்பது நிபந்தனை.

நேற்று பட்டறைக்காரர் அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் லேத் ஓடும் சத்தம்.

“டிராயிங் சுத்தமா இருக்குதும்மா. ஆனா மரை ஒரு எடத்துல வலப்பக்கம்னு போட்டுக்கிது, அடுத்த பக்கத்துல இடப்பக்கம்னு போட்டுக்கிது. எந்தப் பக்கம்மா திருப்பறது?”

எனக்குத் தெரியும். மாதிரி வண்டியில் நானே திருகிப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அவர் வேலை உடனே முடிந்திருக்கும். சொல்லவில்லை. என் விரலுக்குத் தெரிவது படத்துக்கும் தெரிய வேண்டும். நான் ஒருநாள் இங்கே இருக்கமாட்டேன்.

“லேத்த நிறுத்தி வைங்கண்ணே” என்றேன்.

இன்று காலை ரயிலில் வாசகத்தை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். இருக்கையில் உட்கார்ந்ததும் தட்டச்சு செய்தேன். பக்கங்களைக் குறிப்பிட்டு, பிழை திருத்தும் வரியைச் சுட்டி, மரை எந்தப் பக்கம் என்று தினகருக்கு ஒரு கேள்வி. ஒரு நகல் கணேசமூர்த்தி சாருக்கு.

அனுப்பிவிட்டேன்.